வலம் வந்தால் வாடும் மரம்

நாற்பத்தேழாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். வேலூர் ரோட்டில் நிற்கிற அந்தப் பச்சைக் கட்டடம் குலாம் ரசூல் பாய்க்குத் தர வேண்டிய பாக்கி அது. அதன் வாசல் கதவுக்குப் போட்ட கைப்பிடி இதைவிட ஜாஸ்தி விலை என்று பாயே சொன்னார். கைப்பிடிக்காரன் பணம் வாங்கிவிட்டான். உள்ளே நிற்கிற செப்பு மரத்தைச் செய்தவருக்குக் கடிதம்தான் வந்தது.

கடிதத்தை அருணாதேவி மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு, பாய் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். எங்கள் துப்பறியும் அலுவலகம் ஒரு பூஜைப் பொருள் கடையின் மாடியில் இருக்கிறது. கற்பூர வாசனை இலவசம். மேடம் முன்பு மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுத்தவர். மீட்டர் பொய் சொல்லாது, மீட்டருக்குச் சொந்தக்காரன்தான் சொல்வான் என்று பதினாறு வருஷத்தில் கண்டுபிடித்து, அதையே தொழிலாக்கிக்கொண்டார். நான் பலராமன். இருபத்தெட்டு வருஷம் கட்டட வேலை. இடுப்பு போனபிறகு மேடத்திடம் சேர்ந்தேன். இங்கே தூக்க வேண்டியது பேச்சு மட்டும்தான்.

கடிதத்தை மேடம் சத்தமாகப் படித்தார். கட்டடத்தின் முன்கூடத்தில் பாய் பொருத்திய செப்பு மரம் தலைகீழாக வேலை செய்கிறதாம். கொடுத்த வரைபடத்தை மீறி, ‘தமது சமூகப் பழக்கத்தின்படி’ சுற்றும் திசையை இடப்பக்கமாக மாற்றிவிட்டாராம். ஆகவே பில் தள்ளுபடி. இன்று மாலை நாலு மணிக்குப் பசுமைச் சான்றிதழ் தருகிற குழு வருகிறது. அதற்குள் பதில் இல்லாவிட்டால் குற்றம் அவருடையதென்று கோப்பில் எழுதி மூடிவிடுவார்கள்.

“சமூகப் பழக்கம்னா?” என்று கேட்டேன்.

“நாங்க மக்காவுல காபாவை இடப்பக்கமா சுத்துவோம். அதச் சொல்றாங்க,” என்றார் பாய். “நான் இன்னும் ஹஜ்ஜுக்கே போகலைங்க.”

சிரிப்பதற்காக அவர் சொல்லவில்லை. பேச்சு கடைத்தெருவரைக்கும் போய்விட்டது. கிரிவல ஊரில் ஜனங்களை எதிர்ப்பக்கம் சுற்ற வைக்கப் பார்த்தார் என்று யாரோ சொல்லி, திருவூடல் தெருவில் இரண்டு பாத்திரக் கடைக்காரர்கள் அவரிடம் கொடுத்திருந்த குத்துவிளக்கு வேலையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அப்பா காலத்திலிருந்து அந்த இரண்டு கடைக்கும் விளக்கு அடித்துக் கொடுத்த குடும்பம். பணம் போனால் இன்னொரு வருஷம் சேர்க்கலாம் என்றார். பேர் போனால் எங்கே சேர்ப்பது என்று கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்.

மேடம் ஒரே கேள்வி கேட்டார். “நீங்க எந்தப் பக்கம் போட்டீங்க?”

“வரைபடத்துல அம்புக்குறி காட்டின பக்கம்.”

“அந்த வரைபடம்?”

“வேலை முடிஞ்ச அன்னிக்கே திருப்பி வாங்கிட்டாங்கம்மா.”

மணி பன்னிரண்டரை. மேடத்தின் ஸ்கூட்டரில் நான் பின்னால் உட்கார்ந்தேன். பாய் தன் மொபெட்டில் வந்தார்.

பச்சைக் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் முன்பு பதினோரு புளியமரங்கள் நின்றன. எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத்தான் இயற்கையைக் காப்பாற்றுகிற கட்டடத்தைக் கட்டினார்கள். நாலு பக்கமும் கண்ணாடி. திருவண்ணாமலை வெயிலுக்குக் கண்ணாடி போட்டால் உள்ளே என்ன ஆகும் என்று எந்தச் சித்தாளைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. இப்போது உள்ளே குளிர்சாதனம் மூச்சு வாங்குகிறது. சுவரில் வரைந்த இலைகள்தான் பச்சையாக இருக்கின்றன.

உள்ளே எல்லாமே மனிதனோடு பேசுகிற சாமான்கள். இன்டராக்டிவ் இன்ஸ்டலேஷன் என்று பெயராம். தொட்டால் பேசும், மிதித்தால் எரியும் என்று சொன்னால் கூலி கம்மியாகிவிடும் போலிருக்கிறது. மாடிப்படியில் ஏறினால் வீணை வாசிக்கும். லிப்டில் போகாமல் படியில் ஏறச் சொல்லும் ஏற்பாடு அது. காலையிலிருந்து மாலைவரை வீணை கேட்டுத் தலைவலி வந்து எல்லோரும் லிப்டில் போகிறார்கள். கழிவறைக் கண்ணாடியில் ஒரு முகம் இருக்கிறது. குழாயை அதிக நேரம் திறந்து வைத்தால் அது அழும். நான் கை கழுவினேன். அழுதது. இருபத்தெட்டு வருஷச் சிமென்ட் ரெண்டு சொட்டுத் தண்ணீரில் போகாது என்று அதனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

முன்கூடத்தின் நடுவில்தான் பாய் செய்த மரம். வேலை என்றால் அதுதான் வேலை. நூற்றெட்டு செப்பு இலைகள், ஒவ்வொன்றிலும் நரம்பு கையால் தட்டியது. மரத்தைச் சுற்றி வட்டமாக அறுபத்து நாலு தரைக்கற்கள். எட்டுத் திசையில் எட்டு விளக்குத் தூண். கல்லில் கால் வைத்தால் அது கொஞ்சம் அமுங்கி மின்சாரம் உண்டாக்கும், இலை விரிந்து எரியும், மேலே பலகையில் எண் ஏறும். ‘இன்று உங்கள் கால்கள் தந்த வெளிச்சம்’ என்று பலகையில் எழுதியிருந்தது. ஒரே இடத்தில் குதித்துக் கணக்கை ஏற்றக் கூடாது என்பதற்காக ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள் என்று பாய் விளக்கினார். அம்புக்குறித் திசையில் நடந்தால் எண் கூடும். எதிர்த்திசையில் நடந்தால் கழியும்.

மேடம் பலகைக்கு எதிரே நின்றார். பழைய மீட்டரைப் பார்க்கிற அதே நிலை, இடுப்பில் ஒரு கை. எண் நானூற்றுப் பன்னிரண்டு. காலையில் தன்னை இடப்பக்கமாகச் சுற்ற வைத்து ஏற்றிய எண் அது என்று வாசல் காவலாளி சொன்னார்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம். கண்ணாடிக் கதவுகள் திறந்து அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் வந்தார்கள். கழுத்தில் அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. கீழ்பென்னாத்தூர், அடி அண்ணாமலைப் பக்கத்திலிருந்து வேனில் வருகிறவர்கள். முதலில் வந்த பெண் வட்டத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றினாள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. மரத்தை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் வந்தவர்களும் அப்படியே. ஒருத்தி போகிற போக்கில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர்கள் சுற்றச் சுற்ற இலைகள் ஒவ்வொன்றாக வாடி மடங்கின. பலகையில் முந்நூற்றுத் தொண்ணூறு, முந்நூற்று அறுபது, முந்நூற்றுப் பதினைந்து.

“எட்டுத் திக்குல எட்டு விளக்கு, நடுவுல ஒண்ணு,” என்றார் மேடம். “இந்த ஊர் ஆளுங்க அத வேற எந்தப் பக்கம் சுத்துவாங்க?”

“போன பௌர்ணமிக்கு எண் சைபருக்குக் கீழ போயிருக்கும் மேடம். மரம் நமக்கே பாக்கி வெச்சிருக்கும்.”

“வாய மூடுங்க பலராமன்.”

அப்போதுதான் இளஞ்செழியன் வந்தார். இந்தக் கட்டடத்தில் பேசுகிற, அழுகிற சாமான்கள் அத்தனையும் அவர் வடிவமைத்தவை. பெங்களூரில் பெரிய ஆளாம். கதர்ச் சட்டை, கணுக்காலுக்கு மேலே நின்றுவிட்ட பேன்ட், பழைய டயரை அறுத்துச் செய்த செருப்பு. அந்தச் செருப்பு ஆறாயிரம் ரூபாய் என்று அவராகவே சொன்னார். என் காலிலும் டயர் செருப்புதான். நூற்றிருபது. எனக்கு யாரும் சான்றிதழ் தரவில்லை.

எங்களை அவர் நிர்வாக மேலாளர் தேவிப்ரியாவின் அறைக்குக் கூட்டிப்போனார். பாக்கியைக் கொடுப்பதும் மறுப்பதும் அந்த அம்மாள் கையில்தான் இருந்தது. அவர் எங்களைப் பார்த்ததைவிடக் கடிகாரத்தை அதிகம் பார்த்தார். பாய் உட்காரவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

கண்டதை மேடம் சொன்னார். ஊர் வலமாகச் சுற்றுகிறது, மரம் இடமாகச் சுற்றச் சொல்கிறது, அதனால் கணக்கு கழிகிறது. இளஞ்செழியன் சந்தோஷமாகத் தலையாட்டினார். அதைத்தானே தானும் சொல்வதாகவும், இந்த ஊர்ப் பண்பாட்டை ஆறு மாதம் ஆராய்ந்துதான் வலம் வருகிற மாதிரி வரைந்ததாகவும் சொன்னார். வரைபடத்தை மேசையில் விரித்தார். அம்புக்குறி வலப்பக்கமாகத்தான் சுற்றிப் போயிற்று.

பாயின் முகம் சுருங்கியது. “இது நான் பார்த்தது இல்லம்மா. மொத நாளே சொன்னேன், சார், இது எதிர்ப்பக்கமா போகுதே, நம்ம ஊர் ஜனங்க இப்படிச் சுத்த மாட்டாங்களேன்னு. பழக்கத்தைக் கலைக்கிறதுதான் கலை பாய், நீ போடுன்னாரு.”

இளஞ்செழியன் சிரித்தார். “கற்பனை நல்லாருக்கு.”

மேடம் வரைபடத்தை விரலால் தடவினார். ஒரு மாதம் வெல்டிங் பட்டறையில் கிடந்த காகிதத்தில் ஒரு மடிப்புக்கூட இல்லையே என்றார். அது புதிதாக எடுத்த பிரதி, பழையது அழுக்காகிவிட்டதால் கிழித்துப் போட்டாயிற்று என்று இளஞ்செழியன் சொன்னார். நியாயமான பதில்தான் என்று தேவிப்ரியா சொன்னார். மணி இரண்டே கால்.

இளஞ்செழியனிடம் இன்னும் பெரிய சீட்டு இருந்தது. செல்போனை எடுத்து நீட்டினார். வேலை தொடங்கிய முதல் நாள் எடுத்த வீடியோ. போனை ஒரு கம்பியில் நிறுத்தி வைத்துத் தன்னைத்தானே எடுத்தது. அதில் அவர் வெறும் சிமென்ட் தரையில் மண்டியிட்டு, சிவப்புப் பேனாவால் ஒரு வளைந்த அம்பு போடுகிறார். பக்கத்தில் கையெழுத்து. அந்தக் கையெழுத்து கோழி கிளறிய குப்பை. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் குப்பைதான். கல் பதிக்கிற மேஸ்திரி மணிவேலின் கை உள்ளே வந்து மஞ்சளும் ஒரு ரூபாய்க் காசும் வைக்கிறது. பிறகு முதல் கல் அதன்மேல் உட்காருகிறது.

அம்பு வலப்பக்கமாகத்தான் போயிற்று. பாய் இரண்டு முறை பார்த்தார். தன் கண்ணையே நம்பாதவர் மாதிரி சுவரில் சாய்ந்துகொண்டார்.

தேவிப்ரியா கோப்பைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினார்.

எனக்கு எரிச்சல். எரிச்சல் வந்தால் என் வாய் நிற்காது. வீடியோவை இன்னொரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னேன். “பெங்களூர் டெய்லருங்க பெரிய ஆளுங்கதான் மேடம். சட்டைப் பாக்கெட்டையே வலப்பக்கம் வெச்சுத் தைக்கிறாங்க. சாருக்கு இதயமும் அந்தப் பக்கம்தானோ என்னமோ.”

வழக்கமான அதட்டல் வரவில்லை. மேடம் இளஞ்செழியனின் மார்பைப் பார்த்தார். அதே கதர்ச் சட்டை, பாக்கெட் இடப்பக்கம். பிறகு போனைப் பார்த்தார். பாக்கெட் வலப்பக்கம்.

மேடம் தன் குறிப்பு நோட்டைத் திறந்து அவரிடம் நீட்டினார். “நாங்க வந்து பார்த்ததுக்கு ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க சார்.”

அவர் போட்டார். வலக்கையால்.

“வீடியோவுல இடக்கையால எழுதறீங்க.”

செல்ஃபி எடுக்கிற முன்பக்கக் கேமரா கண்ணாடி மாதிரி என்று மேடம் தேவிப்ரியாவிடம் நிதானமாக விளக்கினார். சில போன்களில் வலது இடதாகத்தான் பதியும். பாக்கெட் மாறியிருக்கிறது, கை மாறியிருக்கிறது. அப்படியென்றால் அம்பு மட்டும் மாறாமல் எப்படி இருக்கும்?

இளஞ்செழியன் தனக்கு இரண்டு கையாலும் எழுத வரும் என்றார். பாக்கெட்டும் இரண்டு பக்கம் வருமா என்று நான் கேட்கவில்லை. மேடம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த அம்பு இன்னும் கல்லுக்கு அடியிலதானே இருக்கு?” என்றார் மேடம். “எடுத்துப் பாத்துடலாம்.”

இளஞ்செழியன் முகத்தில் முதல் தடவையாக வியர்வை. அறுபத்து நாலு கல், ஒவ்வொன்றும் எவ்வளவு நுட்பமான பொருள், அதில் முதல் கல் எது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும், குழு வருகிற நேரத்தில் தரையைப் பெயர்த்துப் போடுவதா என்று அடுக்கினார். தேவிப்ரியாவும் அறுபத்து நாலையும் எடுக்க முடியாது என்றார்.

“ஒண்ணு எடுத்தா போதும்மா,” என்றேன். “எந்த மேஸ்திரியா இருந்தாலும் மொதல் கல்லு ஈசானிய மூலையிலதான் போடுவான். சார் ஆறு மாசம் ஆராய்ஞ்சதுல அது வரலை போல.”

முன்கூடத்துக்கு வந்தோம். மலை எந்தப் பக்கம் என்று கண்ணாடி வழியாகப் பார்த்தால் திசை தெரிந்துவிடும். வடகிழக்குத் தூணுக்கு நேர் எதிரே உள்ள கல்லின் முன்னால் உட்கார்ந்தேன். இடுப்பு ஒரு வசவு வைதது. பாய் தன் பையிலிருந்து திருப்புளியை எடுத்துக் கொடுத்தார். நாலு திருகு. உள்ளே போகிற கம்பி அறுந்துவிடாமல் கல்லை மெதுவாகச் சாய்த்து நிறுத்தினேன். டீ குடிக்க வந்த பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

காய்ந்த மஞ்சள். கறுத்துப்போன ஒரு ரூபாய்க் காசு. சிவப்பு அம்பு, இடப்பக்கமாக. பக்கத்தில் கோழி கிளறிய கையெழுத்து. மேடம் தன் நோட்டைத் திறந்து அதன் பக்கத்தில் வைத்தார். அதே கோழி.

தேவிப்ரியா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து இளஞ்செழியனைப் பார்த்தார். திட்டவில்லை. அந்த மாதிரி இடத்தில் திட்டுவது ஏழைகளைத்தான். அவர் பாயின் பக்கம் திரும்பி, இதைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். மணி மூன்று அடித்து ஐந்து நிமிஷம்.

“ரெண்டு கம்பியை இடம் மாத்திப் போடணும். பத்து நிமிஷம்,” என்றார் பாய். “அன்னிக்கே சும்மா செஞ்சு தரேன்னு சொன்னேன். படம் தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு சார் வேணாம்னுட்டாரு.”

பத்து நிமிஷ வேலை. அதற்கு ஒரு மனிதனின் மதத்தை இழுத்தார்கள். நான் பார்த்த கட்டடங்களில் எத்தனையோ தூண் கோணலாக நின்றிருக்கிறது. கோணலுக்குக் காரணம் சித்தாள் நமாஸ் செய்ததென்று எந்தக் கெட்ட கான்ட்ராக்டரும் சொல்லிக் கேட்டதில்லை. அதற்குப் படிப்பு வேண்டும்.

“அப்ப சீக்கிரம் மாத்துங்க பாய்,” என்றார் இளஞ்செழியன். குரலில் எதுவுமே நடக்காத மாதிரி ஒரு வழவழப்பு.

பாய் அசையவில்லை. முதலில் அந்தக் கடிதம் என்றார். அது செல்லாது, வரைபடம்தான் தப்பு, வேலை சரி என்று முத்திரை வைத்து வேறு கடிதம் வேண்டும். பாத்திரக் கடை இரண்டுக்கும் அவர் அதைக் காட்ட வேண்டும். தேவிப்ரியா உள்ளே போய்ப் பதினைந்து நிமிஷத்தில் கடிதத்தோடு வந்தார். பாய் அதை மேடத்திடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ‘சமூகப் பழக்கம்’ என்ற வார்த்தை எங்கும் இல்லை. ‘வருந்துகிறோம்’ என்று ஒரு வார்த்தை இருந்தது, கடைசி வரியில், ஒளிந்துகொண்டு.

பிறகு பணம். தேவிப்ரியா தன் போனில் தட்டினார். பாயின் போன் சட்டைப் பையில் டிங் என்றது. இடப்பக்கப் பையில். அவர் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினார். எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். நாற்பத்தேழாயிரம்.

பாய் போனைப் பைக்குள் வைத்துவிட்டு, திறந்து கிடந்த கல்லுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இன்னும் என்ன?” என்றார் இளஞ்செழியன்.

“முந்நூத்தி அம்பது. இலைங்கள ஏத்திக்கிட்டு வந்த ஆட்டோ.”

“அது சில்லறை பாய்.”

“சில்லறைதானே சார்,” என்றேன். “குடுத்துடுங்க.”

வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டது. குழு இல்லை, தண்ணீர் கேன் வண்டி. ஆனாலும் அவர் பயந்துவிட்டார். ஆறாயிரம் ரூபாய்ச் செருப்போடு அங்கேயே நின்று, தன் சொந்தப் போனை எடுத்து, வலக்கை விரலால் தட்டினார்.

டிங். மூன்று, ஐந்து, சைபர்.

பாய் தரையில் உட்கார்ந்தார். இரண்டு கம்பியையும் கழற்றி இடம் மாற்றி முறுக்கினார். ஏழு நிமிஷம்கூட ஆகவில்லை. கல்லை மூடுவதற்கு முன்னால் அந்த ஒரு ரூபாய்க் காசை எடுத்து, சட்டையில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். அது மணிவேல் வைத்த காசு. கட்டடத்தின் கணக்கில் அது வராது.

நாலாவது திருகும் இறுகியது. அட்டை தொங்கிய ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல வலப்பக்கமாக நடந்தாள். பாய் பலகையை நிமிர்ந்து பார்க்கவில்லை. பழைய கடிதத்தை நாலாகக் கிழித்தார். பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டி அவருக்கு நன்றி சொன்னது.

“பாக்கி தீந்துது,” என்று அதனிடம் சொல்லிவிட்டு, மொபெட் சாவியைத் தேடினார்.